'இது ஆட்டமே இல்லை': மேசைப் பந்தில் மாற்றுப் பாணி குறித்துச் சில குறிப்புகள்

1

எங்கள் ஊரில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் பின்கூடத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் டேபிள் டென்னிஸ் ஆடுவோம். வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், இரண்டு மூன்று கல்லூரிப் பையன்கள். பத்து வருடமாக எல்லோரையும் போல வழவழப்பான ரப்பர் ஒட்டிய மட்டையால் ஆடிக்கொண்டிருந்த நான், சென்ற வருடம் மட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் நீளமான முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரை ஒட்டிக்கொண்டு போனேன். 'லாங் பிம்பிள்ஸ்' என்று சொல்வார்கள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, என்னை வழக்கமாகத் தோற்கடிக்கிற நண்பர் ஒருவர், வரிசையாக மூன்று பந்துகளை நெட்டில் அடித்துவிட்டு மட்டையை மேசைமேல் வைத்தார். "என்ன சார் இது, இதெல்லாம் ஒரு ஆட்டமா? அந்த ரப்பரப் பிச்சுப் போட்டுட்டு வாங்க, ஆடலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இந்தக் குரல் நமக்குப் புதிதல்ல. இலக்கியக் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். "இது கவிதையே இல்லை." "இதில் கதை எங்கே இருக்கிறது?" ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மோசமான ஆட்டம்' என்று நண்பர் சொல்லவில்லை. மோசமான ஆட்டமும் ஆட்டம்தான். அதற்கு உள்ளே இடமுண்டு. 'ஆட்டமே இல்லை' என்பது மதிப்பீடு என்ற தோற்றத்தில் வருகிற எல்லைக்கோடு. கோட்டை யார் போடுகிறார்கள், எதை வைத்துப் போடுகிறார்கள், போட்டது எத்தனை நாள் நிற்கிறது என்ற கேள்விகளை இலக்கியத்தில் கேட்டால் விவாதம் புகை மண்டிப்போகும். மேசைப் பந்தில் அப்படி இல்லை. அங்கே கோடு விதிப் புத்தகத்தில், வருடத்தோடு, மில்லிமீட்டர் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே கொஞ்ச நேரம் அந்த ஒன்பது அடி மேசையருகே நின்று பார்க்கலாம்.

2

முதலில் நண்பரின் மூன்று பந்துகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிட வேண்டும்.

இன்றைய ஆட்டம் சுழற்சியின் ஆட்டம். வழவழப்பான ரப்பர் பந்தைக் கவ்விப் பிடிக்கிறது. கீழிருந்து மேலாகத் தேய்த்து அடித்தால் பந்தின் மேற்பகுதி அது போகிற திசையிலேயே உருள்கிறது. இது டாப் ஸ்பின். மேசையில் பட்டதும் முன்னால் பாயும்; எதிராளியின் மட்டையில் பட்டால் மேலே எழும்பும். அடிப்பகுதியைத் தேய்த்து வெட்டினால் பேக் ஸ்பின். மட்டையில் பட்டதும் பந்து கீழே இறங்கி நெட்டில் போய் விழும். எதிராளியின் மட்டை எப்படி அசைந்தது என்று பார்த்து, வருவது எந்தச் சுழற்சி என்று ஊகித்து, அதற்கேற்ப மட்டையைச் சாய்ப்பதுதான் பயிற்சியில் பெரும்பகுதி. ஆட்டக்காரர்களே இதை 'ஸ்பின்னை ரீட் பண்றது' என்றுதான் சொல்கிறார்கள். ஆக, இது வாசிப்பு. மட்டையின் அசைவு குறி. பந்தின் சுழற்சி அதன் பொருள். இரண்டுக்கும் உள்ள உறவு நிலையானது என்ற நம்பிக்கையில்தான் கை இயங்குகிறது.

லாங் பிம்பிள்ஸ் இந்த நம்பிக்கையில் கை வைக்கிறது. மெல்லிய, நீளமான, வழுக்கும் முனைகள்; பந்து பட்டதும் வளைந்து கொடுக்கும்; பந்தைக் கவ்வாது. வந்த சுழற்சியை அழித்து என் சுழற்சியை எழுத இந்த ரப்பரால் முடியாது. பந்து எந்தப் பக்கமாகச் சுழன்றுகொண்டு வந்ததோ, கிட்டத்தட்ட அதே பக்கமாகச் சுழன்றுகொண்டே திரும்பிப் போகிறது. பயணத்தின் திசை மட்டும் தலைகீழாகிறது. எனவே வரும்போது 'டாப் ஸ்பின்' என்று பெயர் பெற்றிருந்த அதே சுழற்சி, போகும்போது 'பேக் ஸ்பின்' ஆகிவிடுகிறது. சுழற்சி மாறவில்லை, பெயர் மாறிவிட்டது.

நண்பர் பலமான டாப் ஸ்பின் அடித்தார். என் மட்டை சும்மா நின்றது. வெட்டாத மட்டையிலிருந்து வெட்டுப் பந்து வரும் என்று அவருடைய பத்து வருட வாசிப்பு அவருக்குச் சொல்லவில்லை. எவ்வளவு பலமாக அடித்தாரோ அவ்வளவு கனமான பேக் ஸ்பின் அவருக்கே திரும்பி வந்தது. அவரை நெட்டில் அடிக்கவைத்தது அவருடைய சுழற்சியேதான்.

இதில் மாயம் எதுவுமில்லை, பலவீனம் நிறைய உண்டு. சுழற்சியே இல்லாத ஒரு சாதுப் பந்தை என் பிம்பிள்ஸ் பக்கம் தள்ளினால், திருப்பித் தர என்னிடம் ஒன்றுமில்லை. பந்து செத்துப்போய் உயரமாக மிதந்து போகும். அதை அடித்து நொறுக்குவது சுலபம். எதிராளி எதுவும் தராதபோது இந்த ரப்பர் கிட்டத்தட்ட ஊமை. எதிர்வினையை மட்டுமே நம்பியிருக்கிற எந்தப் பாணிக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதை நாமும் குறித்துக்கொள்ளலாம்.

3

ரப்பரை மாற்றுவது அரை மணி நேர வேலை. கையை மாற்றுவதுதான் பாடு.

தேய்த்துத் தேய்த்துப் பழகிய மணிக்கட்டு, பந்து வந்ததும் தானாகவே தேய்க்கிறது. லாங் பிம்பிள்ஸில் தேய்த்தால் ஒன்றும் நடக்காது, பந்து நழுவி வெளியே போகும். பிடியைத் தளர்த்த வேண்டும். டாப் ஸ்பின் வந்தால் மட்டையைக் குறுகலாகக் கீழே இறக்கி உறிஞ்ச வேண்டும். பேக் ஸ்பின் வந்தால் முன்னோக்கித் தள்ள வேண்டும். தேவைப்படும்போது மட்டையை விரல்களுக்குள்ளேயே புரட்டி அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம் கொண்டுவரவும் வேண்டும். மூன்று மாதம், நான் வழக்கமாக ஜெயிக்கிறவர்களிடம் எல்லாம் தோற்றேன். இதைவிடச் சங்கடம், மாற்றாமல் விட்ட பக்கமும் கெட்டுப்போனது. நன்றாக இருந்த ஃபோர்ஹேண்ட் அடி தாமதமாக வந்தது. மேசைக்கு இன்னும் நெருங்கி நின்றுகொண்டிருந்தேன். ஆட்டத்தின் தாளமே வேறாகிவிட்டிருந்தது.

உருவம் தனி, உள்ளடக்கம் தனி, உத்தி என்பது மேலே பூசுவது என்று பேசுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. சோதனை முயற்சி என்றால் ஏற்கனவே இருக்கிற சரக்குக்குப் புதுப் பொட்டலம் என்று நினைக்கிறோம். மேசையருகே நின்றால் இந்தப் பிரமை போய்விடும். மட்டையின் ஒரு பக்கம் மாறினால் எங்கே நிற்பது, எப்போது தாக்குவது, எந்தப் பந்துக்காகக் காத்திருப்பது, எதற்குப் பயப்படுவது எல்லாம் மாறுகின்றன. முன்பு பலமான டாப் ஸ்பின்னுக்குப் பயந்தேன். இப்போது அதற்காகத்தான் காத்திருக்கிறேன். பழைய திறமையை அப்படியே வைத்துக்கொண்டு புதிதைச் சேர்த்துக்கொள்ள முடிவதில்லை. கொஞ்சம் இழக்கத்தான் வேண்டியிருக்கிறது. இழக்க முடியாத இடத்தில் இருப்பவர் — வேலையோ உதவித்தொகையோ அடுத்த வெற்றியைப் பொறுத்திருக்கிற இளம் ஆட்டக்காரர் — சோதனை செய்யத் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

4

இனி எல்லைக்கோட்டின் வரலாற்றுக்கு வரலாம்.

1936இல் பிராகில் நடந்த உலகப் போட்டியில் போலந்தின் எர்லிச்சும் ருமேனியாவின் பானெத்தும் மோதினார்கள். இருவரும் தற்காப்பாளர்கள். முதல் புள்ளி மட்டுமே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போயிற்று. யாரும் விதியை மீறவில்லை, இருந்தும் ஆட்டம் நின்றுபோனது போலத்தான் இருந்தது. அதன் பிறகு நெட்டின் உயரம் ஆறே முக்கால் அங்குலத்திலிருந்து ஆறு அங்குலமாகக் குறைந்தது. நேர வரம்பும் வந்தது. ஒரு பாணி தன் தர்க்கத்தின் கடைசி எல்லைவரை போகும்போது அதுவரை கண்ணுக்குப் படாமலிருந்த விதியின் ஓட்டை வெளியே தெரிகிறது. இலக்கியம் முந்தி, இலக்கணம் பிந்தி என்று தமிழ் வகுப்பில் படித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1952, பம்பாய். ஜப்பான் முதன்முதலாகக் கலந்துகொண்ட உலகப் போட்டி. போரில் தோற்ற ஜப்பான் அப்போது இன்னும் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. அந்த ஏப்ரலில்தான் ஆக்கிரமிப்பு முடிந்தது. ஹிரோஜி சாட்டோ என்ற கண்ணாடி போட்ட ஆட்டக்காரர், மட்டையில் தடித்த ஸ்பாஞ்சை ஒட்டிக்கொண்டு வந்தார். அதுவரை எல்லோரும் ஆடியது ஸ்பாஞ்ச் இல்லாத, குட்டை முனைகள் கொண்ட ரப்பர் மட்டையால். பந்து பட்டால் 'டக்' என்று சத்தம் வரும். எதிராளி எவ்வளவு பலமாக அடித்தார் என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். சாட்டோவின் மட்டையிலிருந்து சத்தமே வரவில்லை. அமெரிக்காவின் மார்ட்டி ரீஸ்மன் உட்படப் பெரிய ஆட்டக்காரர்கள் அவரிடம் தோற்றார்கள். இறுதியில் ஹங்கேரியின் கோசியானையும் வென்று ஒற்றையர் பட்டத்தை எடுத்துக்கொண்டார் சாட்டோ.

தங்கள் ஆட்டத்தில் காது இவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பது, சத்தம் நின்ற பிறகுதான் பலருக்கு உறைத்திருக்க வேண்டும். பழக்கத்தால் மரத்துப்போன புலனுணர்வைக் கலை மீண்டும் கடினமாக்கித் தருகிறது என்று 1917இல் ரஷ்ய உருவவியலாளர் ஷ்க்லோவ்ஸ்கி வாதிட்டார். பரிச்சயநீக்கம் என்று நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கிற அந்தக் கருத்துக்கு பம்பாயின் மௌன மட்டையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கதையை இங்கே முடித்துக் கைதட்டிவிடக் கூடாது. சாட்டோ மறுபடி உலகப் பட்டம் வெல்லவில்லை. புதுமை கொடுத்த அதிர்ச்சி தீர்ந்ததும் அந்த மட்டையோடு மட்டும் நிற்க முடியவில்லை. 1954இலும் 1956இலும் பட்டம் வென்ற ஒகிமுரா, ஸ்பாஞ்சோடு ஓயாத கால் அசைவையும் தாக்குதலையும் சேர்த்து அதை ஒரு முழுப் பாணியாக ஆக்கினார். கருவி கொடுத்த ஆச்சரியம் கொஞ்ச நாள்தான். அந்த நாட்களுக்குள் அதைச் சுற்றி ஓர் ஆட்டத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

1959இல் சர்வதேசச் சம்மேளனம் தீர்ப்பு சொன்னது. வெறும் ஸ்பாஞ்ச் கூடாது. மேலே ரப்பர் இருந்தால் ஸ்பாஞ்ச் இருக்கலாம், ஆனால் மொத்தம் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதிகாரம் புதுமையை எப்போதும் நசுக்கும் என்ற சுலபமான கதையாடல் இங்கே பொருந்தவில்லை. புதுமையில் பாதியை வெளியே தள்ளி, மீதிப் பாதியை உள்ளே எடுத்து, அதையே புதிய இயல்பாக ஆக்கிவிட்டது. என் நண்பர் 'அசல் ஆட்டம்' என்று நினைக்கிற அந்த வழவழப்பு ரப்பரின் அடியில் இருப்பது, ஒரு காலத்தில் 'இது ஆட்டமே இல்லை' என்று திட்டு வாங்கிய அதே ஸ்பாஞ்ச்தான்.

ரீஸ்மன் இந்தப் புதிய இயல்பை ஏற்கவே இல்லை. பழைய மட்டைக்காரர்களுக்கென்று அமெரிக்காவில் நடத்தப்பட்ட தேசியப் போட்டியை 1997இல், தமது 67ஆம் வயதில் வென்றார். எல்லோரும் மாறிவிட்ட பிறகு மாறாமல் நிற்பதும் ஒரு மாற்றுப் பாணிதான்.

5

1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் இன்னொரு சர்ச்சை. மட்டையின் ஒரு பக்கம் கவ்வும் ரப்பர், மறுபக்கம் லாங் பிம்பிள்ஸ் அல்லது 'ஆன்டி' எனப்படும் வழுக்கும் ரப்பர். இரண்டும் ஒரே நிறம். மட்டையை விரலுக்குள் புரட்டிவிட்டால் எந்தப் பக்கத்தால் அடித்தார் என்று கண்ணுக்குத் தெரியாது. எதிராளிகள் மறுபடி காதை நம்பினார்கள். இரண்டு ரப்பரின் சத்தமும் வேறு. உடனே, சர்வீஸ் போடும்போது காலைத் தரையில் ஓங்கி மிதித்து அந்தச் சத்தத்தையும் மறைத்தார்கள்.

சம்மேளனம் இந்த ரப்பர்களைத் தடை செய்திருக்கலாம். செய்யவில்லை. 1983இல் இரண்டு பக்கமும் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்றது. 1986 முதல் ஒன்று கருப்பு, இன்னொன்று பளிச்சென்ற சிவப்பு என்றது. (2021இலிருந்து சிவப்புக்குப் பதில் பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பும் வைத்துக்கொள்ளலாம், ஒரு பக்கம் கருப்பு கட்டாயம்.) ஆட்டம் தொடங்கும் முன் மட்டையை எதிராளியிடம் காட்டவும் வேண்டும்.

இந்த விதி மிக நுட்பமானது. வித்தியாசத்தையும் ரகசியத்தையும் அது தனித்தனியாகப் பிரித்தது. ரகசியம் போகட்டும், வித்தியாசம் இருக்கட்டும் என்றது. 'இது ஏமாற்று வேலை' என்று மாற்றுப் பாணிகள்மேல் வைக்கப்படுகிற குற்றச்சாட்டைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. வெளிச்சத்தில் நிறுத்து, அப்போதும் அது வேலை செய்கிறதா என்று பார். நிறம் தெரிந்ததும் பல ஆட்டக்காரர்களின் ஆயுதம் மழுங்கிற்று. அவர்களிடம் இருந்தது மறைவு மட்டும்தான். மழுங்காதவர்களும் இருந்தார்கள்.

எல்லா விதியும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். 2008இல் உராய்வே இல்லாத பிம்பிள்ஸை அடியோடு தடை செய்தார்கள். அதைச் சுற்றித் தங்கள் ஆட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், பெரும்பாலும் கிளப் ஆட்டக்காரர்கள், ஒரே நாளில் வெளியே நின்றார்கள். சில கோடுகள் வாசலாகவும் இருக்கின்றன, சில சுவராக மட்டுமே.

6

எதிராளியின் வாசிப்பைக் குலைப்பது ஒருவகைச் சோதனை. தன் மரபுக்குள்ளேயே செய்கிற சோதனை இன்னொரு வகை. அதற்குச் சீனாவின் பேனாப் பிடி உதாரணம்.

பேனாவைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிப்பது அங்கே நெடுங்காலப் பழக்கம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் முன்பக்கம். மற்ற மூன்று விரல்களும் பின்பக்கம். வலதுக்கும் இடதுக்கும் மட்டையின் ஒரே முகம்தான். பின்முகத்தில் பலர் ரப்பர்கூட ஒட்டமாட்டார்கள். இடது மூலைக்கு வரும் பந்தைத் தடுக்கலாம், பலமாகத் திருப்பித் தாக்குவது கஷ்டம். 1989இல் டார்ட்மண்டில், கைகுலுக்கும் பிடியோடு இரு பக்கமும் தாக்கி ஆடிய சுவீடன், அணிகளுக்கான இறுதியில் சீனாவை 5-0 என்று வென்றது. பேனாப் பிடியின் காலம் முடிந்தது என்ற பேச்சு எழுந்தது.

ஒரு வழி, பிடியையே கைவிடுவது. பலரும் கைவிட்டார்கள். லியூ குவோலியாங் இன்னொரு வழியில் போனார். பிடியை மாற்றாமல், அதுவரை விரல்கள் சும்மா ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பின்முகத்தில் ரப்பரை ஒட்டி, மணிக்கட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தால் அடித்தார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் 1999 உலகப் போட்டியிலும் ஒற்றையர் பட்டம் அவருக்கு. அடுத்த தலைமுறையில் வாங் ஹாவ் பேக்ஹேண்ட் முழுவதையுமே பின்முகத்துக்குக் கொண்டுபோனார். 2009இல் உலக சாம்பியன் ஆனார். மரபு தன் கையில் வைத்திருந்தும் காணாமல் விட்ட பக்கம் அது. மரபா நவீனமா என்று இரண்டு கட்சியாக நின்று கத்துகிறவர்கள் இந்தப் பின்முகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இதையும் நேர்கோட்டு வளர்ச்சியாக எழுதிவிட முடியாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் அதே வாங் ஹாவைத் தோற்கடித்தவர் கொரியாவின் ரியூ சுங்-மின். பழைய ஒருமுகப் பேனாப் பிடிக்காரர்; கால்களின் வேகத்தால் ஜெயித்தார்.

சோதனை என்றாலே எதிர்ப்பு, எதிர்ப்பு என்றாலே விடுதலை என்று எழுதுகிற உற்சாகத்துக்கும் இங்கே ஒரு கடிவாளம் தேவை. 1960களிலிருந்தே சீன அணியில் வெளிநாட்டு எதிராளிகளின் பாணியை நகல் செய்து ஆடுவதற்கென்றே ஆட்டக்காரர்கள் வைக்கப்பட்டார்கள். அவர்கள் வேலை ஜெயிப்பதல்ல. சொந்த அணியின் நட்சத்திரங்களுக்கு மற்றமையாக நிற்பது. மையம் வித்தியாசத்தை ஒதுக்கித்தான் ஆளும் என்பதில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து, சம்பளம் கொடுத்து, பழகிக்கொண்டும் ஆளும்.

7

இவ்வளவு ஏற்பாட்டையும் தாண்டி எப்போதாவது ஒன்று நடக்கிறது. 2024 பிப்ரவரி, கொரியாவின் பூசான், உலக அணிகள் போட்டி. மேற்கு வங்கத்தின் நைஹாட்டியைச் சேர்ந்த அய்ஹிகா முகர்ஜி, தரவரிசையில் 150க்கும் கீழே இருந்தவர், உலகின் முதல் ஆட்டக்காரியான சீனாவின் சன் யிங்ஷாவை 3-1 என்று வென்றார். அய்ஹிகாவின் பேக்ஹேண்ட் பக்கம் ஆன்டி ரப்பர். எந்தப் பக்கம் எது என்று நிறம் சொல்லிவிடும். எதிரே நின்றவர் பயிற்சி குறைந்தவரும் அல்ல. மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் அந்தப் பாணி வேலை செய்தது. முதல் ஆட்டத்தை 12-10 என்று எடுத்தவர் இரண்டாவதை 2-11 என்று இழந்தார். பிறகு 13-11, 11-6. அந்த 2-11ஐயும் சேர்த்தே இந்த வெற்றியைச் சொல்ல வேண்டும். அன்று ஸ்ரீஜா அகுலாவும் வாங் யிடியை வென்றார். ஆனாலும் இந்திய அணி 2-3 என்று தோற்றது.

லாங் பிம்பிள்ஸோடு ஆடி 2018இல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ரா தொடங்கி, 'ரப்பரை நம்பி எவ்வளவு தூரம்?' என்ற கேள்வி நம் ஆட்டக்காரிகளைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. வழவழப்பு ரப்பரும் ரப்பர்தானே? அதை நம்பி ஆடுபவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இயல்பாகிவிட்ட கருவி கருவியாகவே தெரிவதில்லை. அது திறமை என்ற பெயரில் போய்விடுகிறது. மாற்றுப் பாணியால் வரும் முதல் லாபம் வெற்றி தோல்வியில் இல்லை. எல்லோர் கையிலும் இருப்பது ஒரு கருவிதான் என்று அது காட்டிக்கொடுக்கிறது. இதற்காகவே அதைச் செய்து பார்க்கலாம். செய்கிறவர், நிறத்தை மறைக்காமல், தோற்கத் தயாராகச் செய்ய வேண்டும்.

நண்பர் இப்போது என் பிம்பிள்ஸ் பக்கத்துக்குச் சுழற்சியில்லாத பந்துகளாகத் தள்ளுகிறார். பந்து மிதந்து எழும்பியதும் அடித்துவிடுகிறார். பத்து ஆட்டத்தில் ஆறு அவருக்குத்தான். 'இதெல்லாம் ஒரு ஆட்டமா' என்று கேட்பதை விட்டுவிட்டார். ஆட்டம் தொடங்கும் முன் என் மட்டையைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, "அது கருப்புப் பக்கம்தானே சார்?" என்று கேட்டுக்கொண்டு போய் நிற்கிறார்.